ஆணவக் கொலை: தனிச் சட்டமா, இருப்பதே போதுமா?

2003 ஜூலையில் விருத்தாசலம் பக்கம் குப்பநத்தத்தில் கண்ணகி, முருகேசன் இருவரையும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். அவர்கள் செய்த குற்றம், கல்யாணம் பண்ணிக்கொண்டது. ஒரே நாள், ஒரே ஊர், ஒரே கைகள். சட்டத்துக்கு மட்டும் இரண்டும் வேறு வேறு கொலைகள். முருகேசன் தலித் என்பதால் அவர் சாவுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு: தனி நீதிமன்றம், முன்ஜாமீனுக்குத் தடை, கடமை தவறும் அதிகாரிக்குத் தண்டனை. கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண். அவர் சாவுக்கு வெறும் கொலைப் பிரிவுதான்.

'இருக்கிற சட்டமே போதும்' என்பவர்கள் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. கொலைக்கு ஏற்கனவே ஆயுளோ தூக்கோ உண்டு. அதற்கு மேல் என்ன தருவது? தனிக் குற்றம் என்றால், சாதிக்காகத்தான் கொன்றான் என்பதையும் அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும். வன்கொடுமைச் சட்டமே இதில் தடுமாறியது. ஆனால் 2015 திருத்தத்தில், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் 'என்ற காரணத்தால்' என்றிருந்ததை 'என்று தெரிந்தே' என மாற்றினார்கள். ஆக, எழுதுகிற விதத்தில் சரிசெய்யக்கூடிய சிக்கல்தான் இது.

இடையில், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) இருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சாதி, மொழி போன்ற காரணத்துக்காகக் கொன்றால் தனிப் பிரிவு. அப்பா, அண்ணன், மாமா என மூன்றே பேர் செய்தால் பொருந்தாது. தண்டனையும் சாதாரணக் கொலைக்கு உள்ளதேதான்.

சரி, நான் ஏன் தனிச் சட்டம் கேட்கிறேன்? கொலைக்கு முந்தைய நாட்களுக்காக. மாலையும் கழுத்துமாக ஸ்டேஷனில் வந்து நிற்கிற ஜோடியிடம் 'பொண்ணை வீட்டோட அனுப்பு, அப்புறம் பேசிக்கலாம்' என்கிறார்களே, அந்த நிமிடத்தைக் கொலைப் பிரிவு தொடவே தொடாது. சட்ட ஆணையம் 2012-லேயே கொடுத்த வரைவு, திருமணத்தைத் தடுப்பதற்காகக் கூடுகிற பஞ்சாயத்தையே குற்றமாக்கச் சொன்னது. 2018-இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் அதிகாரிகளின் சிறப்புக் குழு, ஜோடிகளுக்குப் பாதுகாப்பு இல்லம் என்றெல்லாம் வழிகாட்டியது. சட்டம் வரும்வரைக்கான ஏற்பாடு என்றும் சொன்னது.

குப்பநத்தம் வழக்கில் உள்ளூர் போலீஸ் முதலில் முருகேசன் வீட்டாரையும் குற்றவாளிகளாகச் சேர்த்தது. பிறகு சிபிஐ வந்தது. விசாரணை நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைக்க 2025 ஆனது. தண்டிக்கப்பட்டவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு.