போதையை நிறுத்தும் பட்டி என்று யாரும் வந்தால் காசு கட்டாதேங்கோ

பிள்ளை குளிசைக்கு அடிமையாகிவிட்டதை வெளியே சொல்ல முடியாமல், இரவில் அழுதுவிட்டுப் பகலில் சிரித்துக்கொண்டு திரியும் குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ இருக்கின்றன. நாங்களும் அப்படி இருந்தவர்கள்தான். எங்களுக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாது. அதனால்தான் எழுதுகிறேன். தம்பியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

தம்பிக்கு இருபத்திரண்டு வயது. பிரிகபலின் குளிசை. முதலில் ஒன்று, பிறகு இரண்டு; நாங்கள் கண்டுபிடித்தபோது ஒரு நாளைக்கு எத்தனை என்று அவனுக்கே கணக்கு இல்லை. அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்குத் தெரிந்த அன்றிலிருந்து அவ சாப்பிடவில்லை. நான் செய்த முதல் பிழை, பக்கத்து ஊரில் ஒரு மருந்துக்கடையில், ஆருக்கோ கேட்பதுபோல், "இதை நிறுத்த ஏதும் மருந்து இருக்கா?" என்று கேட்டது. கடையில் நின்றவர் கனிவாகப் பேசி என் நம்பரை வாங்கினார். மூன்றாம் நாள் ஒரு பெண் போன் எடுத்தா. தம்பியின் வயது முதல்கொண்டு எல்லாம் அவவுக்குத் தெரிந்திருந்தது.

"அக்கா, பயப்பிடாதேங்கோ. ஊருக்குத் தெரிய வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போனா கிளினிக் கொப்பியில பேர் விழும். நாளைக்கு வெளிநாடு போறதுக்கும் கலியாணத்துக்கும் பிரச்சினை. எங்களிட்ட வந்தா ஒருத்தருக்கும் தெரியாது."

அந்தக் கடைசி வசனத்துக்குத்தான் நாங்கள் காசு கட்டினோம். அவர்கள் காட்டிய கருவியை விட, ஒருத்தருக்கும் தெரியாது என்ற சொல்தான் எங்களைப் பிடித்தது.

அந்தப் பெண் கூப்பிட்ட சிகிச்சை நிலையத்தின் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது. அதோடு, இப்படியானவர்கள் ஒரு பெயரில் மூடி இன்னொரு பெயரில் திறப்பார்கள். பெயரைப் பார்க்காமல் அவர்கள் பேசும் விதத்தைக் கவனியுங்கள். பலாலி வீதிப் பக்கம் ஒரு மாடிவீடு. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் மூளைப் படம், வெள்ளைக் கோட் போட்ட ஒருவர். நெற்றியைச் சுற்றிக் கட்டும் கறுப்புப் பட்டி ஒன்றைக் காட்டினார். அது மூளைக்குள் மெல்லிய மின்சாரம் அனுப்பி ஏக்கத்தை அணைக்குமாம். போனில் ஒரு செயலி மூளையின் அலைகளைக் காட்டுமாம். 40 நாளில் பிள்ளை புது ஆளாம். விலை 2,85,000 ரூபாய். அதற்குமேல் செயலிக்கு மாதச் சந்தா. கனடாவில் இருக்கும் சித்தப்பா பாதி அனுப்பினார். மீதிக்கு அம்மாவின் காப்புச்சோடி அடகுக்குப் போனது. ஒன்பது பக்க ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வைத்தோம். நான் படித்தவள்தான். இருந்தும் அன்று இரண்டாம் பக்கத்துக்கு மேல் வாசிக்கவில்லை. தம்பி பக்கத்தில் கை நடுங்க இருந்தான், எனக்குச் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது.

கையெழுத்து வைத்ததும் வெள்ளைக் கோட்டுக்காரர் சொன்ன முதல் வேலை: வீட்டில் இருக்கும் குளிசை எல்லாவற்றையும் இன்றைக்கே கழிவறையில் கொட்டுங்கள், இனி ஒன்றுகூடத் தொடக்கூடாது. எங்களுக்கு அது எவ்வளவு நல்ல சொல்லாகத் தெரிந்தது! அம்மா தன் கையாலேயே கொட்டினா.

இதைப் பெரிய எழுத்தில் எழுத முடியுமென்றால் எழுதுவேன். பிரிகபலின் வலிப்புக்கும் நரம்பு நோவுக்கும் கொடுக்கும் மருந்து. நெடுநாள் கூடுதலாக எடுத்தவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். வைத்தியரின் கண்காணிப்பில் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். இதை எனக்குப் பிறகு ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள். சிகிச்சை என்று காசு வாங்கியவர் சொல்லவில்லை.

முதல் இரவு தம்பி பட்டியைக் கட்டிக்கொண்டு படுத்தான். நெற்றியில் குறுகுறுப்பு இருக்கிறது, வேலை செய்கிறது என்றான். நாங்கள் மூன்று பேரும் அந்த இரவு நித்திரை கொண்டோம். இரண்டாம் இரவு விளங்கத் தொடங்கியது. செயலியில் ஒரு பொத்தான் இருந்தது, ‘பூஸ்ட்’ என்று. ஏக்கம் வந்தால் அதை அமத்த வேண்டும். ஒவ்வொரு அமத்தலுக்கும் புள்ளி ஏறும், ஒரு மணி ஒலிக்கும், திரையில் பூ விரியும். ஒவ்வொன்றுக்கும் என் கார்ட்டிலிருந்து 450 ரூபாயும் போகும். அது அந்த ஒன்பது பக்கத்துக்குள் எங்கேயோ இருந்தது. விடிய ஒரு மணிக்கு எழும்பிப் பார்த்தேன். இருட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான், முகத்தில் போன் வெளிச்சம், பெருவிரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அந்த ஓர் இரவில் பதினொரு தரம். குளிசைப் பெட்டியைத் தேடும்போது அவன் கண்ணில் இருந்த அதே பார்வை. எங்கள் காசிலேயே அவனுக்கு இன்னொரு குளிசையை வாங்கிக் கொடுத்திருக்கிறோம் என்று அப்போதே எனக்குள் ஏதோ சொன்னது. ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. 40 நாள் என்று சொன்னார்களே, பொறுப்போம் என்று இருந்தேன்.

செயலியில் ஒரு நாட்குறிப்பும் இருந்தது. ஏக்கம் எப்போது வந்தது, யாரோடு இருந்தபோது வந்தது, முன்பு எங்கே வாங்கினாய், யார் தந்தார்கள் என்று கேட்கும். உண்மையாக எழுதினால்தான் மூளை சரியாகும் என்றார்கள். அவன் உண்மையாகவே எழுதினான்.

நாலாம் நாள் விடிய ஐந்து மணி இருக்கும். அம்மாவின் சத்தம் கேட்டு ஓடினேன். தம்பி நிலத்தில் கிடந்து வெட்டி இழுத்தான், வாயில் நுரை. ஒரு கையால் அவனைச் சரித்துப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் நிலையத்தின் ‘24 மணி நேர உதவி’ இலக்கத்துக்கு அடித்தேன். பதில் இதுதான்: "அது உடம்பில இருக்கிற நஞ்சு வெளியில வாறது. பட்டியைக் கழட்டாதேங்கோ."

நான் கழட்டி எறிந்தேன். 1990க்கு அடித்தேன். அம்புலன்ஸ் வந்து யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு போனது. வழியில் இன்னொரு தரம் வந்தது. அவன் கண் திறந்து "அக்கா" என்று கூப்பிட மத்தியானம் ஆனது. அந்த இடைவெளியை நான் எழுதப் போவதில்லை.

அங்கே ஒருவரும் எங்களைத் திட்டவில்லை. இதையும் சொல்ல வேண்டும். பேர் விழும், மானம் போகும் என்று எங்களைப் பயமுறுத்திய அந்தக் கிளினிக் கொப்பி, அம்மாவின் நீரிழிவுக் கொப்பியைப் போல ஒரு சாதாரணக் கொப்பி. பிறகு தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டினோம். ஒரு சதம் வாங்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம். இவ்வளவு பக்கத்தில் இருந்த இடத்துக்குப் போக வெட்கப்பட்டுத்தான் மூன்று லட்சத்தை வேறு இடத்தில் கொட்டினோம்.

பட்டியைப் பற்றி அங்கே ஒரு வைத்தியரிடம் கேட்டேன். மூளையை வெளியிலிருந்து தூண்டும் சிகிச்சைகள் பொய் இல்லை என்றார். காந்தத்தால் தூண்டும் முறையை அமெரிக்காவில் 2008இல் மனச்சோர்வுக்கும் 2020இல் புகைப்பழக்கத்தை நிறுத்தவும் அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் அது பெரிய இயந்திரம், பயிற்சி பெற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் அளவு பார்த்துக் கொடுப்பது. நெற்றியில் ஈரப் பஞ்சு வைத்து 1 அல்லது 2 மில்லிஅம்பியர் நேரோட்டத்தை 20 நிமிடமளவில் அனுப்பும் முறையும் உண்டு. அதைப் பல நோய்களுக்கு ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் குளிசையைத் திடீரென்று நிறுத்திய ஒருவரை வலிப்பிலிருந்து காக்க அதனால் முடியாது என்று சொன்னார். இப்படி ஓர் உண்மை எங்கேயோ இருப்பதால்தான் இவர்களின் பொய்யைக் கண்டுபிடிப்பது கஷ்டம். இணையத்தில் தேடினால் நல்ல நல்ல ஆய்வுகள் வரும். ஆனால் அவை வேறு கருவிகளைப் பற்றியவை.

எங்கள் மாமாவின் மகன் கஸ்தூரியார் வீதியில் போன் திருத்துகிறவர். அவரிடம் பட்டியைக் கொண்டுபோனேன். இரண்டு முனைகளுக்கும் இடையே மீற்றரைத் தொடுத்துப் பார்த்தார். முதல் அரை நிமிடம் மட்டும் மின்சாரம் ஏறியது. பிறகு பூச்சியம். பூஸ்ட்டை அமத்தினால் திரும்ப அரை நிமிடம், திரும்பப் பூச்சியம். இதை வைத்தியரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆய்வுகளில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்குப் போலிச் சிகிச்சை கொடுப்பார்களாம். அதைச் செய்யும் வழியே இதுதானாம்: தொடக்கத்தில் குறுகுறுப்பு வர மட்டும் விட்டு, பிறகு நிறுத்திவிடுவது. தனக்கு உண்மையான சிகிச்சையா போலியா கிடைத்தது என்று ஆளுக்குத் தெரியாது. ஆய்வில் அதற்கு முன்கூட்டியே சம்மதம் வாங்குவார்கள். எங்களிடம் காசு வாங்கினார்கள்.

மூளை அலை என்று செயலி காட்டிய கோடுகளையும் சோதித்தோம். ஒரு வத்தகப்பழத்தை ஈரத் துவாயால் சுற்றி அதில் பட்டியைக் கட்டினோம். பத்து நிமிடத்தில் திரையில் வந்தது: ‘மன அமைதி 78. நேற்றைவிட முன்னேற்றம்.’ அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறோம். அம்மா அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு எழும்பிச் சாமி அறைக்குள் போய்விட்டா. தம்பியின் ‘முன்னேற்றம் 81’ என்று வந்த படத்தை அவதான் சித்தப்பாவுக்கு அனுப்பியிருந்தா.

காசைத் திருப்பிக் கேட்கப் போனேன். முகாமையாளர் குரலை உயர்த்தவே இல்லை. "தங்கச்சி, உங்கட தம்பி நாட்குறிப்பில என்னவெல்லாம் எழுதியிருக்கிறார் எண்டு வாசிச்சனீங்களோ? அதெல்லாம் எங்களிட்ட பத்திரமா இருக்கு." அவ்வளவுதான். நான் எழும்பி வந்துவிட்டேன். இரண்டு கிழமை ஒருவரிடமும் பேசவில்லை. இப்போது பேசுவதற்குக் காரணம், தம்பியே "சொல்லக்கா, அவங்கள் பொலிசுக்குக் குடுத்தாலும் பரவாயில்லை" என்றது.

அங்கே முன்பு வேலை செய்த ஒரு பிள்ளை என்னைத் தேடி வந்து சில விஷயங்களைச் சொன்னா. ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்தால் மருந்துக்கடைக்காரருக்கும் ஓட்டோக்காரருக்கும் தரகு. வெளிநாட்டில் உறவு இருக்கிறதா என்று முதல் போனிலேயே விசாரிக்க வேண்டும். இருந்தால் விலை வேறு. பிள்ளை திரும்பக் குளிசைக்குப் போனால் ‘இரண்டாம் சுற்று’ விற்கலாம் என்பதால், முதல் சுற்றில் குணமாகாவிட்டால் அங்கே ஒருவரும் கவலைப்படுவதில்லை. அவ சொன்னதை நிரூபிக்க என்னிடம் கடதாசி இல்லை. ஆனால் எங்களுக்கு நடந்த எல்லாம் அதோடு பொருந்துகிறது.

பெரிய கம்பனி, படித்தவர்கள், இப்படிச் செய்வார்களா என்று சித்தப்பா கேட்டார். ஆஸ்பத்திரி வாங்கில் இருந்த இரவுகளில் நானும் தேடி வாசித்தேன். இதே பிரிகபலினை லிரிக்கா என்ற பெயரில் விற்ற ஃபைசர், அது உட்படச் சில மருந்துகளை அனுமதியில்லாத தேவைகளுக்கு விளம்பரப்படுத்திய வழக்கில் 2009இல் அமெரிக்காவில் 2.3 பில்லியன் டொலர் கட்ட ஒப்புக்கொண்டது. மூளைக்குப் பயிற்சி என்று விளையாட்டுச் செயலி விற்ற லுமோசிட்டி, ஞாபக மறதியைத் தடுக்கும் என்றெல்லாம் ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக 2016இல் 2 மில்லியன் டொலர் கட்டியது. அங்கே தட்டிக் கேட்க ஆள் இருந்தது. இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை, நாங்கள்தான் கேட்கவில்லை.

காசு கட்ட முதல் நான் கேட்டிருக்க வேண்டியவை இவை. மருத்துவக் கருவி என்றால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிந்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். எங்களுக்குக் காட்டியது கம்பனிப் பதிவு. கம்பனியைப் பதிந்தால் கருவியைப் பதிந்ததாக ஆகாது. தனியார் சிகிச்சை நிலையம் என்றால் அதற்கும் தனிப் பதிவு உண்டு. வைத்தியர் என்று சொல்பவரின் பெயரை இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் தேடுங்கள். எங்கள் வெள்ளைக் கோட்டுக்காரரின் பெயர் அதில் இல்லை. கார்ட் இலக்கத்தை எந்தச் செயலியிலும் விட்டு வைக்காதேங்கோ. நாட்குறிப்பு எழுதச் சொன்னால் எழுத விடாதேங்கோ. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையாகத்தான் வைத்திருக்கிறது. ஆனால் அவர்கள் கைக்குப் போன பிறகு அதைத் திருப்பி எடுப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத்தான் தெரியும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அடித்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். காசு இன்னும் வரவில்லை. பட்டி, பெட்டி, பற்றுச்சீட்டு, கார்ட் கணக்கு எல்லாம் ஒரு பையில் இருக்கிறது. உங்களிடமும் இப்படி ஒரு பட்டி இருந்தால், கோபத்தில் உடைத்துவிடாதேங்கோ. அதுதான் சாட்சி. வீட்டில் யாராவது இந்தக் குளிசையில் இருந்தால், இன்றிரவே நிறுத்து என்று சொல்லாதேங்கோ. 1926க்கு அடித்தால் தேசிய மனநல நிறுவகத்தில் தமிழிலும் பேசலாம்.

தம்பி இப்போது அளவு குறைத்து எடுக்கிறான். சில நாள் நல்லம், சில நாள் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறான். நேற்று இதை வாசித்துவிட்டு ஒன்றை மட்டும் சேர்க்கச் சொன்னான். அந்த நாட்குறிப்பில் மூன்று சிநேகிதர்களின் பெயரையும் எழுதிவிட்டானாம். அவர்கள் வீட்டுக்கும் அந்தப் பெண்ணின் போன் வந்திருக்கும் என்று பயப்படுகிறான். அப்படி வந்திருந்தால் காசு கட்ட வேண்டாம், முதலில் எங்கள் வீட்டுக்கு வரட்டும், கிளினிக்குக்குத் தானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான்.