பூச்சிப் படமெடுக்கும் ரயில்: நட்டு மாற்றிய பிறகு

விலை இறங்கியிருக்கிறதே, காமிராவை இம்மி இம்மியாக நகர்த்தும் அந்த மோட்டார் ரயிலை எங்கள் கல்லூரிப் பூச்சிப் பெட்டிகளைப் படமெடுக்க வாங்கலாமா என்று ஈரோட்டு நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நட்டு மாற்றி, திரும்ப மாட்டி, கையில் எண்ணெய்ப் பிசுக்கு போகாத நேரத்தில் வந்த கேள்வி. பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும், பொறுத்துக்குங்க.

காமிரா, லென்ஸ் பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. எதை வாங்கினாலும் ஓரளவு நல்லதாகவே இருக்கிறது. மூன்று வருஷமாக உயிரை எடுத்தது ரயில்தான். அதிலும் மோட்டார் இல்லை, கன்ட்ரோலர் இல்லை. உள்ளே உட்கார்ந்திருக்கும் விரல்நுனி அளவுப் பித்தளை நட்டு.

ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? 5 எக்ஸ் மைக்ராஸ்கோப் அப்ஜெக்டிவ் (ஐந்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ்), என்.ஏ. (ஒளியை வாங்கும் கோணத்தைச் சொல்லும் எண்) 0.14 என்றால், ஒரு படத்தில் தெளிவாக விழும் ஆழம் 28 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 எக்ஸ், 0.28 என்றால் வெறும் 7. அதனால் முதலாவதற்கு 20 மைக்ரான், இரண்டாவதற்கு 5 மைக்ரான் நகர்த்தி நகர்த்தி எடுத்துப் பிறகு ஒன்றாக அடுக்குகிறோம். இந்த ரயிலின் திருகு 8 மி.மீ. தடிமன், ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். ஆக ஒரு முழு ஸ்டெப் சரியாக 5 மைக்ரான். கணக்கு என்னமோ அழகுதான். ஒரு ஸ்டெப்பையே துண்டு துண்டாகப் பிரிக்கும் மைக்ரோஸ்டெப்பே வேண்டாம். அது எப்படியும் சமமாக நகராது, முழு ஸ்டெப்பிலேயே ஓட்டுங்கள்.

கணக்கைக் கெடுப்பது நட்டின் ஆட்டம், அதாவது திருகுக்கும் அதன் மேல் ஓடும் நட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. கழற்றுவதற்கு முன் டயல் கேஜ் வைத்துப் பார்த்ததில் முள் 6 கோடு ஆடியது. அதாவது 60 மைக்ரான். 5 எக்ஸில் மூன்று நகர்வு, 10 எக்ஸில் பன்னிரண்டு. ரயில் நகர்ந்ததாகத் திரையில் எண் ஓடும், நட்டோடு சேர்ந்து நகரவேண்டிய மேல்தட்டு, அதாவது வண்டி, நின்ற இடத்திலேயே நிற்கும். அப்புறம் திடீரென்று ஒரே தாவல்.

பருத்தித் தண்டுக் கூன்வண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வண்டு. அட்டை முக்கோணத்தின் முனையில் ஒட்டியிருக்கும். 2 மி.மீ. ஆழத்துக்கு 100 படம், ஒவ்வொன்றும் 25 எம்.பி. என்றால் இரண்டரை ஜி.பி. அடுக்கி முடித்துப் பெரிதாக்கினால் முன்னிறக்கையில் குழிகள் வரிசையாக ஊசி குத்தினது போலத் தெரியும். மூக்கிலிருந்து பின்னால் போகப்போக, தோளுக்குச் சற்றுப் பின்னால் குறுக்கே ஒரு பட்டை, ஈரத்துணி போட்டுத் துடைத்த மாதிரி மங்கல். அதற்குப் பின்னால் மறுபடி துல்லியம். அந்தப் பட்டைதான் ரயில் தாவிய இடம். படங்களை அடுக்கும் மென்பொருளான ஜீரீனில் பிமேக்ஸ் முறை போட்டாலும், டிமேப் முறை போட்டாலும், இன்னொரு மென்பொருளான ஹெலிகானில் மூன்று முறையையும் மாற்றிப் பார்த்தாலும் அது போகாது. எடுக்காத படத்தை எந்த மென்பொருள் கொண்டுவரும்?

இதில் கோபம் வரும் இடம் வேறு. விளம்பரப் படத்தில் காமிராவை ரயில் மேல் ஏற்றி, ரயிலைச் செங்குத்தாக நிறுத்திக் காட்டுகிறார்கள். காமிரா, ட்யூப், அப்ஜெக்டிவ் எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோ, முழுக்க அந்த நட்டில் தொங்குகிறது. தேயாமல் என்ன செய்யும்? போதாததற்கு அந்த எடையே நட்டை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்திருப்பதால், தேய்ந்துகொண்டிருப்பதும் தெரியாது. பக்கவாட்டுத் தோற்றம் எடுக்க வசதியாக இருக்குமே என்று ரயிலைப் படுக்க வைத்த அன்றைக்குத்தான் வண்டவாளம் வெளியே வந்தது. கூடவே கிரீஸ். இங்கே ஆடிக்காற்றுப் புழுதிக்குக் கிரீஸும் அரத்தாளும் ஒன்றுதான். துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள், போதும்.

ரிப்பேர் என்று பெரிதாக எதுவும் இல்லை. கோவை கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறையில் கன்மெட்டல் துண்டைக் கடைந்து, திருகுக்குப் பொருந்த எட்டுக்கு ஒன்று டேப் போட்டு மரை வெட்டி, நடுவில் ரம்பத்தால் பிளந்து, இரண்டு பாதிக்கும் இடையே ஒரு சின்ன ஸ்பிரிங் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு பாதி மரையின் இந்தப் பக்கத்தையும், மறுபாதி அந்தப் பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங் கடினமாக இருந்தால் மோட்டார் ஸ்டெப் தவறவிடும், விரலால் எளிதாக அமுங்கவேண்டும். கம்பெனியே இப்படிச் செய்து அனுப்பியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

லேத்துக்குப் போக நேரமில்லாதவர்களுக்கு: கொத்தனார் தூக்குக்குண்டு. 400 கிராம் குண்டை நைலான் கயிற்றில் கட்டி, மேசை விளிம்பில் ஒரு பால் பேரிங் மேலே விட்டு, வண்டியில் மாட்டித் தொங்கவிட்டால், ரயில் எந்தப் பக்கம் போனாலும் வண்டி ஒரே பக்கமாக இழுபட்டிருக்கும். ஆட்டம் இருந்தும் இல்லாத மாதிரி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இந்தப் பொருள்தான் முழு செட்டப்பிலும் எனக்குப் பிடித்தது.

இன்னொரு மாற்றம்: காமிராவைக் கல்லில் அசையாமல் இறுக்கிவிட்டு, பூச்சியை ரயிலில் வையுங்கள். பூச்சிக்கும் ஊசிக்கும் களிமண்ணுக்கும் என்ன எடை இருக்கப்போகிறது. ஆனால் மோட்டார் அசைவு நேராக உணர்கொம்புக்குப் போகும், ஒவ்வொரு நகர்வுக்கும் மூன்று விநாடி நிறுத்தம் கொடுக்கவேண்டும். அவசரப்பட்டால் வண்டுக்கு மூன்று கொம்பு முளைக்கும். ஃபேன் கட்டாயம் நிறுத்தணும். தெருவில் விசைத்தறி ஓடுகிறதென்றால், பாதியாக வெட்டிய டென்னிஸ் பந்துகள் நான்கின் மேல் கடப்பாக்கல் போட்டு அதன் மேல் எல்லாவற்றையும் வையுங்கள். எல்.இ.டி. வேண்டாம், ஃப்ளாஷ். 1/32 பவரில் வெளிச்சம் ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும், அதிர்வு பதியாது. வெளிச்சம் பரவப் பூச்சியைச் சுற்றி ட்ரேசிங் பேப்பர் உருளை. பளபள வண்டென்றால் இரண்டு சுற்று.

லேபிளை மறக்காதீர்கள். ஆன்ட்வெப் என்ற எறும்புப் பட இணையதளத்தின் வழக்கப்படி தலை, பக்கவாட்டு, மேல் தோற்றம், லேபிள் என நான்கு படம். லேபிள் இல்லாத பூச்சி வெறும் பூச்சி. பி. சூசைநாதன் பிடித்து அனுப்பிய நம்மூர்ப் பூச்சிகள் வெளிநாட்டு மியூசியங்களில் இன்றும் மதிப்போடு இருப்பது ‘கோயமுத்தூர், 1400 அடி’, ‘ஆனைமலை, சின்கோனா, 3500 அடி’ என்ற துண்டுச் சீட்டால்தான். ஊசியிலிருந்து லேபிள்களைக் கழற்றும்போது இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கீழிருந்து எடுங்கள். கடைசியாக எடுத்ததை முதலில் வைத்து, தலைகீழ் வரிசையில் திரும்பக் குத்துங்கள். கால் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், காமிரா முன்னால் இல்லை.

சரி, வாங்கலாமா? இந்த விலையில் 5 மைக்ரான் நகரும் வேறொன்று என் கண்ணில் படவில்லை. நட்டு மாற்றியதிலிருந்து ஒரு அடுக்கில்கூட பட்டை விழவில்லை. மோட்டாரும் இத்தனை நாளில் ஒருதடவைகூட மக்கர் செய்ததில்லை. படங்களைப் பார்த்தால் குறை சொல்ல வாய் வராது. ஆனாலும் நண்பருக்கு வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறேன். அரைக் கட்டை விரல் பித்தளையில் மிச்சம் பிடித்தவனுக்கு இன்னொரு ஆர்டர் போக மனசு ஒப்பவில்லை.

புது நட்டு வந்தபின் தூக்குக்குண்டுக்கு வேலை இல்லை. இருந்தும் அது மேசை விளிம்பில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கழற்றுகிற அளவுக்கு அந்த ரயில் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை.