உப்புக் காற்றுக்கு எந்தத் தண்டு?

கொழும்பில் மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் கொயில், அதாவது உலோகத்தை உணரும் அடித்தட்டு, எத்தனை அங்குலம், எவ்வளவு ஆழம் பிடிக்கும் என்றுதான் பேச்சு ஓடும். கொயிலையும் கைப்பிடியையும் இணைக்கும் தண்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைப் பக்கம் மெஷினைக் கொண்டுபோகிறவர்களுக்கு முதலில் பழுதாவது தண்டுதான். கச்சான் காலத்தில், மே தொடக்கம் செப்டெம்பர் வரை, அங்கே தண்ணீரில் இறங்காமல் நின்றாலே போதும், வீட்டுக்கு வரும்போது எல்லாவற்றிலும் உப்பு படிந்திருக்கும். ஆகவே எந்தத் தண்டு நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: அன்றிரவே அதைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கழுவ முடியுமா? எடை, அழகு, விலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் எழுதுவது கடற்கரையில் தொலைந்த மோதிரம், சங்கிலி தேடுகிறவர்களுக்கு. புதையல் என்று பழைய இடங்களில் மண் கிண்டுவது வேறு விஷயம். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சரி, மெஷினோடு வரும் அலுமினியத் தண்டிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான மெஷின்களில் மேல் தண்டு அலுமினியம், கொயிலைப் பிடிக்கும் கீழ்த் தண்டு பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் கிளாஸ். கீழே உலோகம் வைக்காததற்குக் காரணம் உண்டு. கொயில் உண்டாக்கும் காந்தப் புலத்துக்குள் உலோகம் இருந்தால் மெஷின் அதையும் சேர்த்தே உணரும். அசையாமல் இருந்தால் சமாளிக்கலாம். வீசும்போது தண்டு கொஞ்சம் வளையும், அந்த வளைவுதான் பொய்ச் சத்தமாகக் காதில் விழும். தண்டை மாற்ற நினைப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

அலுமினியம் விறைப்பானது, மலிவானது, எங்கும் கிடைக்கும். அதன் எதிரி உப்பு. சில வாரம் கழற்றாமல் சுவரில் சாத்தி வைத்த தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீளம் மாற்றும் பொத்தான் துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கும். பொத்தானை அழுத்தினால் பாதி உள்ளே போய் அங்கேயே நிற்கும், ஏனென்றால் உள்ளே இருக்கும் வில் (ஸ்பிரிங்) துருப்பிடித்திருக்கும். இரண்டு குழாயையும் எதிரெதிராக முறுக்கினால் மணல் நறநறவென்று அரைபடும், அப்புறம் ஒரு இடத்தில் இறுகிவிடும். அந்த வெள்ளைப் பொடி அலுமினியம் அரித்து உண்டானது. அரிக்கப்பட்ட உலோகத்தைவிட அதிக இடத்தை அது அடைத்துக்கொள்வதால்தான் குழாய்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. இப்படி இறுகியதற்குச் சுத்தியல் வேண்டாம். வெந்நீரில் ஊறவைத்து, மெல்ல முறுக்கி எடுக்கலாம். கிறீஸ், எஞ்சின் எண்ணெய் பூசுவது இன்னும் மோசம், மணலை அதுவே இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்த குழாயில் மெழுகுதிரியைத் தேய்த்தாலே போதும். பொத்தான் வில்லைக் கடலுக்குத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றிவிட்டால், ஒழுங்காகக் கழுவுகிற ஒருவருக்கு அலுமினிய மேல் தண்டு பல வருடம் உழைக்கும்.

காபன் ஃபைபர் இப்போது எல்லோரும் ஆசைப்படும் தண்டு. மினிலேப் கொம்பனியின் எக்வினொக்ஸ் 900 மெஷின் அதோடுதான் வருகிறது. 2018இல் வந்த 800 போன்ற பழைய மெஷின்களுக்கு வெளிநாட்டுச் சிறு பட்டறைகளிலிருந்து வரவழைக்க வேண்டும். அலுமினியத்தின் அடர்த்தி கன சென்றிமீற்றருக்கு 2.7 கிராம், காபன் கலவையினுடையது ஏறக்குறைய 1.6. விறைப்பும் குறைவதில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கையை நோகவைக்கும் பாரத்தில் பெரும்பகுதி கொயிலிலும், திரையும் பொத்தான்களும் உள்ள பெட்டியிலும் இருக்கிறது. கொயில் தூரத்து நுனியில் தொங்குவதால்தான் மணிக்கட்டு வலிக்கிறது. முழங்கைக்குப் பின்னால் சின்ன எதிர்ப்பாரம் ஒன்றைக் கட்டினால் மொத்த எடை கூடும், ஆனாலும் கை லேசாகிவிடும். காபனுக்குச் செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

காபனில் வேறு இரண்டு சிக்கல்களும் உண்டு. அது மின்சாரம் கடத்தும். அதனால் கொயில் நுனிக்கு வரும் கடைசித் துண்டு பிளாஸ்டிக்காகவோ நைலோனாகவோ இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அடுத்தது, காபனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நனைந்தால் அலுமினியம் வேகமாக அரிக்கப்படும். காபன் தண்டில் அலுமினியப் பூட்டு வளையம் மாட்டியவர்கள் வளையத்தைக் கழற்றிப் பார்த்தால் அடியில் குழி விழுந்திருக்கும். இடையில் பிளாஸ்டிக் தாளோ எபொக்சி பூச்சோ கட்டாயம். வெள்ளவத்தையில் அலைத் தடுப்புக்குப் போட்ட கருங்கற்களில் இடறினால், அலுமினியம் நெளியும், நிமிர்த்தலாம். காபன் விரிசல் விடும், அதோடு சரி.

மலிவுக்கு பிவிசி. எந்தக் கொம்பனிக் குழாய் என்றாலும் கடையில் ‘எஸ்லோன் பைப்’ என்றுதான் கேட்போம். பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடையில் கேட்டால் நானா முதலில் கேட்பது, “தண்ணி லைனுக்கா, வயரிங்குக்கா?” தண்ணி லைனுக்கு என்று சொல்லுங்கள். வயரிங் குழாயின் சுவர் மெல்லியது, தண்டுக்கு உதவாது. பிவிசி துருப்பிடிக்காது, மின்சாரம் கடத்தாது, வாளால் அறுத்து அன்றே மாட்டலாம். குறை என்னவென்றால் விறைப்பு. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பிவிசியின் விறைப்பு இருபதில் ஒரு பங்குதான். முழுத் தண்டையும் அதில் செய்தால் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் கொயில் மேலும் கீழும் தலையாட்டும். மண்ணுக்கும் கொயிலுக்கும் உள்ள இடைவெளி மாறிக்கொண்டே இருப்பதால் ஈர மணலில் ஓயாத பொய்ச் சத்தம். வெயிலில் பூட்டிய காருக்குள் சாய்த்து வைத்தால் வளைந்தும் போகலாம். உள்ளே மரக்கம்பு செருகினால் சரியாகும் என்பார்கள், தண்ணீர் பட்டால் மரம் ஊதி உள்ளேயே இறுகிக்கொள்ளும். பிள்ளைகளின் சின்ன மெஷினுக்கு பிவிசி தாராளமாகப் போதும். பெரியவர்களுக்கு என்றால் குட்டையான கீழ்த் தண்டுக்கு மட்டும்.

என் தெரிவு ஃபைபர் கிளாஸ் கீழ்த் தண்டு, அலுமினிய மேல் தண்டு. ஃபைபர் கிளாஸ் அலுமினியம் அளவு விறைப்பில்லை, ஆனால் பிவிசியைவிடப் பல மடங்கு விறைப்பு. மின்சாரம் கடத்தாது என்பதால் கொயிலுக்குப் பக்கத்திலேயே நிற்கலாம். உப்பு அதை ஒன்றும் செய்யாது. முறிந்த ஃபைபர் கிளாஸ் கடல் தூண்டில் தடி ஒன்றின் தடித்த அடிப்பகுதி கிடைத்தால் அதுவே போதும். தூண்டில் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். தடி ஒரு பக்கம் ஒடுங்கும், அந்த இடைவெளியைப் பசை நாடா சுற்றி நிரப்ப வேண்டும். அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுங்கள், முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூசி தோலிலும் நெஞ்சிலும் ஏறினால் லேசில் விடாது. காபனுக்கும் இதே கவனம் வேண்டும். வெயிலில் மேற்பூச்சு தேய்ந்து நார் வெளியே வரும், அதற்கு முன் ஒரு கோட் பெயின்ட்.

பெட்டியை மூடுவதற்கு இரண்டு வழி: நியோப்ரீன் என்ற மெத்தென்ற றப்பர் உறை, பொலித்தீன் பை. பெட்டிக்குள் தண்ணீர் போகக்கூடாத கெரட் ஏஸ் 250, மினிலேப் வான்குவிஷ் போன்றவற்றுக்கு மழை வந்தால் பொலித்தீன் பைதான் கைகொடுக்கும். மழை விட்டதும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் உள்ளே வியர்த்துத் திரையில் நீர் படியும். நியோப்ரீன் அடிபடாமல் காக்கும், ஆனால் உப்புத் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும், அதையும் கழற்றித் துவைத்துக் காயவைக்காவிட்டால் போட்டதில் பயனில்லை. மூன்று மீற்றராவது ஆழம் தாங்கும் நொக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ், எக்வினொக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இரண்டுமே தேவையில்லை. நல்ல தண்ணீரில் அலசினால் போதும். வேகமாகப் பீச்சும் குழாய் மட்டும் வேண்டாம்.

கொயில் உறையைச் சுற்றி சிலிக்கன் வைத்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மணல் உள்ளே போகாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரு மூலையில் சிலிக்கன் விட்டுப் போனாலே நுண்மணல் புகும், பிறகு வெளியே எடுக்க வழியில்லை. அதில் கரும்மணல் கலந்திருந்தால், கொயிலுக்குக் கீழேயே இரும்புத் தாது ஒட்டிக்கொண்டு வரும். ஒட்டாத உறைதான் நல்லது. திரும்பி வந்ததும் கழற்றித் தட்டி, அலசி, தனியாகக் காயவைக்கலாம்.

வயரைத் தண்டோடு இறுக்கச் சுற்ற வேண்டும், தளர்ந்து ஆடினால் அதுவும் பொய்ச் சத்தம்தான். கொயிலுக்குப் பக்கத்தில் மட்டும் மடக்கி விரிக்க ஒரு சின்ன தளர்வு விடுங்கள். பிடிக்க வெல்க்ரோ. கேபிள் டை என்றால் ஒவ்வொரு முறையும் வெட்டி எடுக்க வேண்டும், என்றைக்காவது ஒருநாள் கத்தி வயரிலும் படும். இன்சுலேஷன் டேப் இந்த வெக்கையில் பசை கக்கும்.

கடைசியாகக் கொயிலைப் பிடிக்கும் போல்ட். கழன்று போனால் வீட்டிலிருக்கும் இரும்பு போல்ட்டைப் போடலாம் என்று தோன்றும், போடக்கூடாது. கொயிலின் நடுவிலேயே இரும்பு வைத்த மாதிரி. நைலோன் போல்ட் வாங்குங்கள். கொயில் தொங்கினால் போல்ட்டை இன்னும் இன்னும் இறுக்குவது பலருடைய பழக்கம், அதனால் போல்ட்டின் தலையோ கொயிலின் காதோ உடையும். தேய்ந்திருப்பது இரண்டு பக்கமும் உள்ள றப்பர் வொஷர்தான். சைக்கிள் கடையில் பழைய டியூப் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, பழைய வொஷரை வைத்து வரைந்து, கத்தரியால் வெட்டி மாட்டினால் கொயில் வைத்த இடத்தில் நிற்கும். டியூப்பில் மிச்சமிருப்பதையும் உபரி நைலோன் போல்ட் ஒன்றையும் பையில் போட்டு வையுங்கள்.