ரெயிட் கார்டா, லினக்ஸ் ரெயிடா? திருகோணமலையின் சின்ன அலுவலகங்களுக்கு எது தோது

சேர்வரின் முன்பக்கம் இழுத்து எடுக்கிற தட்டுகள் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹார்ட் டிஸ்க் மாற்றிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தட்டு பாதி வேலைதான். இணைப்பில் எர்த் முனைகள் முதலில் தொட்டு, கடைசியில் விலகும். டிஸ்க் தப்பிப்பது அதனால். ஆனால் தரவு தப்ப வேண்டுமே? ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டுவதுதான் ரெயிட். அந்த வேலையை அதற்கென்றே உள்ள ரெயிட் கார்டிடம் விடுவதா, லினக்ஸ் இயங்குதளத்திடம் விடுவதா?

கார்டின் சுகம் பெரிது. டிஸ்க் பழுதானால் அந்தத் தட்டிலேயே செம்மஞ்சள் விளக்கு எரியும். இழுத்துவிட்டுப் புதியதைச் செருகினால் பெரும்பாலும் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். பற்றரி உள்ள கார்ட் என்றால், டிஸ்க்கில் ஏறாமல் நின்ற தரவைக் கரண்ட் போனாலும் காத்து வைத்திருக்கும். அந்தப் பற்றரியும் சில வருடங்களில் சோர்ந்துபோகும் என்பதை மறக்கக் கூடாது.

லினக்ஸ் ரெயிடில் இந்தச் சொகுசு இல்லை. முதலில் பழுது என்று குறித்து, வரிசையிலிருந்து நீக்கி, அதன் பிறகுதான் இழுக்க வேண்டும். எந்த டிஸ்க் என்று கண்டுபிடிப்பதுதான் ஆபத்தான இடம். லினக்ஸ் வைக்கிற பெயர் ரீபூட்டுக்குப் பிறகு மாறலாம். அதனால் சீரியல் இலக்கத்தின் கடைசி நாலு எழுத்துகளை ஸ்டிக்கரில் எழுதித் தட்டின் முகப்பிலேயே ஒட்டிவிடுங்கள். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு இருக்கும் ரெயிட் 1-இல், பழுதானதை விட்டு நல்லதை இழுத்துவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். அப்புறம், ஒன்று போனாலும் மற்றதிலிருந்து சேர்வர் எழும்ப, லினக்ஸைத் தொடக்கிவைக்கும் பூட் லோடரை இரண்டு டிஸ்க்கிலும் போட வேண்டும்.

இவ்வளவு சிரமம் இருந்தும் என் வாக்கு லினக்ஸுக்கே. காரணம் கொழும்பு. கார்ட் செத்தால் பொதுவாக அதே வகைக் கார்ட்தான் அந்த டிஸ்க்குகளைப் படிக்கும். பழைய மொடல் என்றால் ஏறக்குறைய 260 கிலோமீற்றருக்கு அப்பால் தேடி எடுப்பித்து, வரும்வரை காத்திருக்க வேண்டும். லினக்ஸ் ரெயிடின் விவரம் டிஸ்க்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது. திருகோணமலை உவர்மலையில் மதர்போர்ட் எரிந்தால், பக்கத்து அறைக் கணினியில் டிஸ்க்குகளை மாட்டி, லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து அன்றைக்கே தரவை எடுத்துவிடலாம். மிச்சமாகும் கார்ட் காசில் நல்ல யூபிஎஸ் ஒன்றும் கூடுதல் டிஸ்க் ஒன்றும் வாங்கி வையுங்கள்.

லினக்ஸ் தெரிந்த ஆள் அலுவலகத்தில் இல்லையென்றால், சரி, கார்டே எடுங்கள்; அதே கார்ட் இன்னொன்றையும் சேர்த்து வாங்குங்கள்.

லினக்ஸ் வழி என்றால் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா ஏஹெச்சிஐ என்ற முறையில் இருக்கிறதா, ஒவ்வொரு போர்ட்டிலும் ஹாட் பிளக் (ஓடும்போதே மாற்றும் வசதி) திறந்திருக்கிறதா என்று பாருங்கள். எந்த வழியானாலும், தரவு ஏற்றுவதற்கு முன்பே ஒரு டிஸ்க்கை இழுத்து மறுபடி செருகிச் சோதியுங்கள்.