.375 எச் அண்ட் எச் ரைஃபிளுக்கு எந்த ஆக்‌ஷன்? வின்செஸ்டர் மாடல் 70 குறித்து ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் தனக்கென்று ஒரு வேட்டை ரைஃபிளைச் செய்துகொள்ள விரும்புபவர்கள் குழலைப் பற்றியும் ஸ்கோப்பைப் பற்றியும்தான் முதலில் பேசத் தொடங்குகிறார்கள். ஆனால் மேக்னம் தோட்டாவை, அதாவது வெடிமருந்து கூடிய வலுவான தோட்டாவை, தேர்ந்தெடுத்தவர் முதலில் முடிவு செய்யவேண்டியது ஆக்‌ஷனை, அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி மூடும் போல்ட்டும் அதைத் தாங்கும் ரிசீவரும் சேர்ந்த பகுதியை. குழல் தேய்ந்தால் வேறு குழல் பொருத்தலாம், மரத்தண்டு பிடிக்காவிட்டால் மாற்றலாம். ரிசீவரின் நீளத்தை மட்டும் பிறகு கூட்ட முடியாது.

நான் தேர்ந்தெடுத்த தோட்டா, லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912-இல் வெளியிட்ட .375 எச் அண்ட் எச் மேக்னம். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் காட்டெருமை போன்ற ஆபத்தான விலங்குகளை வேட்டையாட அனுமதிக்கப்படும் குறைந்தபட்ச விட்டம் இதுதான். இதன் முழு நீளம் 3.600 அங்குலம்; .300 வின்செஸ்டர் மேக்னத்தின் நீளமோ 3.340 அங்குலம். இந்தக் கால் அங்குல வேறுபாட்டில்தான் பாதி ஆக்‌ஷன்கள் கழிந்துபோகின்றன. சாதாரண ஜெர்மானிய மாசர் 98 ஆக்‌ஷனின் மேகசின், அதாவது தோட்டாக்களை அடைக்கும் பெட்டி, சுமார் 3.3 அங்குலம்தான் என்பதால், அதில் இந்தத் தோட்டாவை அடைக்க விரும்பிய பழைய கைவினைஞர்கள் தோட்டா குழலுக்கு ஏறும் முன்பக்கச் சரிவில் இருந்த எஃகை இழைத்து எடுத்தார்கள். அந்த எஃகுதான் போல்ட்டின் கீழ் லக்கை, அதாவது பூட்டும் பல்லை, தாங்கி நிற்பது. அழகான வேலைப்பாடு கொண்டவையாக இருந்தாலும், அப்படி இழைக்கப்பட்ட ரைஃபிள்களை வாங்க நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எஞ்சியவற்றில் என் தேர்வு வின்செஸ்டர் மாடல் 70. 1936-இல் வெளிவந்த இந்த ஆக்‌ஷனில் மாசரைப் போலவே நீண்ட, அகன்ற நகம் போன்ற எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) உண்டு. மேகசினிலிருந்து மேலெழும்போதே தோட்டாவின் விளிம்பு அந்த நகத்துக்குள் புகுந்துவிடுகிறது. அதன்பிறகு தோட்டா எங்கே போகிறது என்பது முழுவதும் போல்ட்டின் கட்டுப்பாட்டில்தான். ரெமிங்டன் 700 போன்ற ஆக்‌ஷன்களில் போல்ட் தோட்டாவைத் தள்ள மட்டுமே செய்கிறது, பிடிப்பது கடைசி நொடியில்தான். பதற்றத்தில் போல்ட்டை முழுவதும் மூடாமல் பின்னிழுத்தால் முதல் தோட்டா முன்னாலேயே கிடக்க, இரண்டாவது தோட்டா அதன்மேல் போய் முட்டும். காகிதக் குறியைச் சுடும்போது இது வெறும் எரிச்சல். காயம்பட்ட எருமையின் முன் அப்படியல்ல.

ஆனால் எந்த மாடல் 70-ஐ வாங்குவது என்பதில்தான் கவனம் தேவை. செலவைக் குறைப்பதற்காக 1964-இல் நிறுவனம் இந்த நக அமைப்பைக் கைவிட்டது. 1990-களில் கிளாசிக் என்ற பெயரில் அது திரும்பி வந்தது. வின்செஸ்டரின் நியூ ஹேவன் ஆலை 2006-இல் மூடப்பட்டபின், 2008 முதல் தென் கரோலினாவின் கொலம்பியாவில் தயாரான துப்பாக்கிகளிலும் அதே அமைப்புத் தொடர்ந்தது. 1964-க்கு முந்தையவை சேகரிப்பாளர்களின் கையில் விலை ஏறிக் கிடக்கின்றன. அவற்றை அறுத்துப் புதிதாகச் செய்வது, என் கருத்தில், பணத்தையும் பழமையையும் ஒருசேர வீணாக்குவது. கிளாசிக் வகையில் .375-க்கோ, அதே நீள மேகசின் தேவைப்படும் .300 ரெமிங்டன் அல்ட்ரா மேக்னத்துக்கோ முதலிலேயே செய்யப்பட்டதைத் தேடுவது நல்லது. .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கான ரைஃபிளை மாற்றியமைக்கலாம் என்று சொல்வார்கள். மேகசின் பெட்டியை மாற்றுவது எளிதுதான். தோட்டாவை மேலே வழிநடத்தும் இரு விளிம்புகளையும் அதன் உடல் வடிவத்துக்கேற்ப இழைப்பதுதான் கடினம், அதில் கொஞ்சம் அதிகமாக எடுத்துவிட்டால் எஃகைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

துல்லியத்தை மட்டும் கேட்டால் நான் ரெமிங்டன் பக்கமே சாய்வேன். உருளை வடிவிலான அதன் ரிசீவரை லேத்தில் நேர்ப்படுத்துவது எளிது. அதற்கேற்ற விசைகளும் (டிரிகர்) மரத்தண்டுகளும் ஏராளமாகக் கிடைக்கின்றன. தோட்டாவின் அடியைச் சுற்றி மூடும் போல்ட் முகமும் வலுவானது. தொலைதூரக் குறிக்கு .300 பி.ஆர்.சி. தோட்டாவுக்கான ரைஃபிள் செய்பவர், ரெமிங்டன் அளவிலேயே வரும் தனித் தயாரிப்பு ஆக்‌ஷன் ஒன்றை வாங்குவதே சிறந்தது. அதைவிடப் பெரிய .338 லபுவா தோட்டா வரை போக நினைப்பவருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: ரெமிங்டனில் குழலைத் திருகிப் பொருத்தும் மரையின் விட்டம் 1.0625 அங்குலம், லபுவா தோட்டாவின் அடி .587 அங்குலம். இடையில் மிஞ்சும் எஃகுச் சுவர் கால் அங்குலம்கூட இல்லை, அந்தத் தோட்டாவுக்குப் பெரிய மரை கொண்ட ஆக்‌ஷனே பொருத்தம்.

.416 ரிக்பி என்ற இன்னும் பெரிய தோட்டா வேண்டுபவருக்குத் தேர்வு குறைவு. என் தேர்வு நீண்ட மேக்னம் மாசர்தான், அதற்குரிய விலையோடு.

மாடல் 70-இல் குறைகளும் உண்டு. தோட்டாவின் அடி வெடித்தால் பின்னால் பாயும் வாயுவைத் திசைதிருப்புவதில் அது மாசருக்கு ஈடாகாது. 2008-க்குப் பின் வந்த மூடிய விசை மென்மையானது என்றாலும், தூசி புகுந்தால் ஊதிச் சுத்தம் செய்யத்தக்க பழைய திறந்த விசையே காட்டுக்கு ஏற்றது என்பது என் கருத்து. மூன்று நிலைப் பாதுகாப்புப் பொறியை நடுவில் வைத்து, துப்பாக்கியைப் பாதுகாப்பு நிலையிலேயே வைத்தபடி தோட்டாக்களை வெளியே எடுக்கலாம். அந்த ஒரு வசதிக்காகவே மற்றவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்கச் சட்டப்படி ரிசீவரே துப்பாக்கி. ஆகவே வெறும் ஆக்‌ஷனைக் கடையில் வாங்கினாலும் உரிமம் பெற்ற வணிகர் வழியாகப் படிவம் 4473-ஐ நிரப்பிப் பின்னணிச் சோதனையைக் கடந்தாக வேண்டும். வாங்குமுன் வெடிமருந்து இல்லாத மாதிரித் தோட்டாக்களால் மேகசினை நிரப்பி, ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை முரட்டுத்தனமாகவும் போல்ட்டை இயக்கிப் பார்க்க வணிகரிடம் அனுமதி கேளுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.