கொடி ரோஜாவைத் தாங்குவது எது? கம்பி, வளைவு, கட்டை: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கொடி ரோஜா என்று சொல்கிறோமே தவிர அது கொடி இல்லை. பாகலுக்கு இருப்பதுபோல் பற்றுக்கம்பி கிடையாது. அவரைபோல் சுற்றிக்கொண்டு ஏறவும் தெரியாது. மணிப்பூர் மலைகளில் வளரும் காட்டு ரோஜாவான ரோசா ஜைகாண்டியா, வளைந்த முள்ளைப் பக்கத்து மரத்தில் கொக்கிபோல் மாட்டி மாட்டித்தான் உச்சிக்குப் போகிறது. வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. தாங்கலும் கட்டும் நாம்தான் கொடுக்க வேண்டும். நீலகிரி, கொடைக்கானல் மாதிரியான ஈரக்காற்றுள்ள ஊர்களில் எது நிற்கிறது, எது சாய்கிறது என்பதைப் பார்ப்போம்.

தயங்காமல் முதலிடம் கொடுக்கலாம் என்றால் அது சுவரில் இழுத்துக் கட்டிய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பிக்குத்தான். 12 கேஜ், அதாவது சுமார் 2.6 மி.மீ. கனம் வேண்டும். 14 கேஜில் காசு மிச்சம்தான். செடி முழு எடைக்கு வந்ததும் நடுவில் தொய்ந்துவிடும். தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் முதல் வரி, அதற்கு மேல் 35 செ.மீ.க்கு ஒன்று. மொத்தம் ஐந்து வரி போட்டால் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். ஒன்றரை மீட்டருக்கு ஓர் ஐ-போல்ட் (கம்பியைக் கோக்கத் தலையில் வளையமுள்ள போல்ட்) போதும். அது பூச்சில் மட்டும் நிற்காமல் செங்கல்லுக்குள் 5 செ.மீ. இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பருவமழைக் காற்றில் பூச்சோடு பெயர்ந்து வரும். ஒவ்வொரு வரியின் ஒரு முனையில் டர்ன்பக்கிள் என்ற முறுக்குத் திருகை வைத்தால் வருடத்துக்கு ஒருமுறை முறுக்கி இறுக்கலாம்.

கம்பிக்கும் சுவருக்கும் நடுவே 7, 8 செ.மீ. இடைவெளி கட்டாயம். அதைக் குறைத்தால் காற்று ஓடாது. இலையில் சாம்பல் நோயும் கரும்புள்ளியும் சுவர்ப்பக்கத்திலிருந்தே தொடங்கும். கட்டுப் போடக் கையும் உள்ளே நுழையாது. செடியையும் சுவரை ஒட்டி நடக்கூடாது. 40 செ.மீ. தள்ளி நட்டு, தண்டைச் சுவர்ப்பக்கம் சாய்த்து விடுங்கள். கூரையின் விளிம்புக்குக் கீழே மண் மழைக்காலத்திலும் காய்ந்தே கிடக்கும் என்பது பலர் கவனிக்காத விஷயம்.

கடையில் பெட்டியில் வரும் மெல்லிய குழாய் வளைவு முதல் வருடம் அழகாக இருக்கும். மூன்றாம் வருடம் இலையும் பூவும் பாய்போல் காற்றைப் பிடிக்க, திருகு மூட்டு விட்டுப்போய் வளைவு ஒருபக்கம் சாயும். அப்போது முள்ளுக்குள் கைவிட்டு அதை மாற்றுவது பெரிய வேதனை. வளைவுதான் வேண்டும் என்றால் ஒன்றேகால் அங்குல ஜிஐ குழாயில் செய்து, கால்களை 60 செ.மீ. ஆழத்தில் கான்கிரீட்டில் நிறுத்துங்கள். உள் அகலம் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டு பக்கமும் செடி ஓர் அடி எடுத்துக்கொள்ளும், மிச்சத்தில்தான் ஆள் நடக்க வேண்டும்.

சவுக்குக் கட்டை மலிவு. ஆனால் மண்ணும் காற்றும் சேரும் இடத்தில் இரண்டு மூன்று வருடத்தில் அழுகும், கரையானும் ஏறும். ஆங்கிள் இரும்பை மண்ணில் புதைத்து, கட்டையைத் தரைக்கு 5 செ.மீ. மேலே அதில் போல்ட் போட்டு நிறுத்தினால் ஆயுள் கூடும். நைலான் வலை வேண்டவே வேண்டாம். தண்டு வலைக்குள் புகுந்து பருத்தபின் வெட்டாமல் எடுக்க வழியில்லை. மரச் சட்டத்திலும் இதே கதைதான்: தண்டை உள்ளே நுழைத்துப் பின்னாமல் முன்பக்கமாக வைத்துக் கட்டுங்கள்.

கட்டுவதற்கு நனைத்த வாழை நார்தான் சிறந்தது. நாரைக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி, நடுவில் குறுக்கே முறுக்கி, பிறகு தண்டைச் சுற்றி முடியுங்கள். பார்க்க எட்டு மாதிரி இருக்கும். தண்டுக்கும் நாருக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைய வேண்டும். நார் ஒரு பருவத்தில் மக்கிவிடும், ஆகவே தண்டை நெரிக்காது. ஆனால் வருடா வருடம் புதிதாகக் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் டையும் கட்டுக்கம்பியும் தண்டு பருக்கப் பருக்கப் பட்டைக்குள் புதைகின்றன. அந்த வெட்டுக்கு மேலே உள்ள பகுதி முதலில் வெளிறி, பிறகு நுனியிலிருந்து காய்ந்து வரும்.

இனி வளைப்பது. நேராக ஏறிய தண்டில் நுனி மொட்டு கீழ்மொட்டுகளை அடக்கி வைக்கிறது. பூ உச்சியில் மட்டும் வரும். அதே தண்டைக் கிடையாகக் கட்டினால் கணுவுக்குக் கணு பக்கக்கிளை விட்டு ஒவ்வொன்றிலும் பூக்கும். தண்டு முற்றுவதற்கு முன், இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். ஒரே நாளில் இழுத்தால் அடியில், செடியோடு சேரும் இடத்திலேயே பிளந்துவிடும். நியூ டான் என்ற ரகம் வளைந்து கொடுக்கும். கோல்டன் ஷவர்ஸ் விறைப்பான ரகம். அதைத் தூணுக்கு வைத்துக்கொண்டு, சரிவாகச் சுற்றிச் சுற்றி ஏற்றுவது நல்லது.

முதல் இரண்டு வருடம் பிரதானத் தண்டில் கத்தரி வைக்காதீர்கள். புதர் ரகத்தின் ஒரு கிளை தானாக மாறியதால் கிடைத்த கிளைம்பிங் ஐஸ்பெர்க் போன்றவற்றை இளமையில் ஒட்ட வெட்டினால் மறுபடி புதராகவே திரும்பிவிடக் கூடும். அந்த இரண்டு வருடத்துக்குப் பிறகு பூத்து ஓய்ந்த பக்கக்கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணு விட்டு நறுக்கலாம். ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழிருந்து வரும் வேர்க்கன்றை நறுக்கினால் மறுபடி துளிர்க்கும். மண்ணை விலக்கி, வேரோடு சேருமிடத்தில் பிய்த்தெடுங்கள்.