நான்காம் நிலை, இரண்டாவது கருத்து: ஒரு தையல்காரியின் விமர்சனம்

பெரிய புற்றுநோய் மையங்கள் சில இப்போது இணையவழியாக இரண்டாவது கருத்து சொல்கின்றன. நம் ரிப்போர்ட்டுகளை அனுப்பினால் கீமோ டாக்டர், ஆபரேஷன் டாக்டர், ஸ்கேன் பார்ப்பவர், திசு பார்ப்பவர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள். பிறகு ஒருவர் வீடியோவில் நம்மோடு பேசுவார். கடைசியில் எழுத்தில் அறிக்கை வரும். அப்படி ஒரு சேவையை நான் பயன்படுத்தினேன். குறைகளையும் சொல்லப்போவதால் மையத்தின் பெயரைப் போடவில்லை. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன். அந்த நாலும் எதற்கு, ஒன்று ஏன் குறைந்தது என்று விவரமாக எழுதுகிறேன். பரவிய குடல் புற்றோடு இருப்பவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் உதவும்.

எனக்கு வலப்பக்கப் பெருங்குடலில் கட்டி. அடைப்பு வந்து அவசர ஆபரேஷன் செய்தபோது கல்லீரலின் இரண்டு பக்கமும் பரவியிருந்தது தெரிந்தது. ஃபோல்ஃபாக்ஸ் என்ற கூட்டு கீமோ மருந்தும், கூடவே கட்டிக்குப் புது ரத்தக் குழாய் வளராமல் தடுக்கும் பெவாசிசுமாப்பும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினார்கள். ஃபோல்ஃபாக்ஸில் இருக்கும் 5-எஃப்.யு. மட்டும் 46 மணி நேரம் பம்பிலிருந்து மெதுவாக உள்ளே போய்க்கொண்டிருக்கும். அந்தப் பையை இடுப்பில் மாட்டிக்கொண்டே தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். அதைச் சமாளித்துவிட்டேன். முடியாமல் போனது அதே கூட்டில் இருக்கும் இன்னொரு மருந்தான ஆக்ஸாலிப்ளாட்டின். ஆரம்பத்தில் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரலில் சுரீரென்று ஷாக் அடிக்கும், சில நாளில் விட்டுவிடும். போகப்போக விடவில்லை. விரல் நுனிகள் மரத்து, துணிக்கும் விரலுக்கும் நடுவில் இன்னொரு துணி இருப்பது போல ஆகிவிட்டது. ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை. காஜா எடுப்பதை நிறுத்தினேன். ஹெம்மிங்கை நிறுத்தினேன். இன்ச் டேப்பின் ஓரம் கைக்குத் தெரியவில்லை.

ஸ்கேனிலோ கட்டிகள் சுருங்கியிருந்தன. புற்றின் போக்கைக் காட்டும் சி.இ.ஏ. என்ற ரத்த அளவும் இறங்கிக்கொண்டே வந்தது. "மருந்து கேக்குதும்மா, இப்ப நிறுத்தினா தப்பு" என்றார் எங்கள் டாக்டர். "கை போனா போகட்டும், நீ இருந்தா போதும்" என்றார் என் வீட்டுக்காரர். மகன் கல்லீரல் ஆபரேஷன் பற்றிப் படித்துவிட்டு, "அம்மா, வெட்டி எடுத்துட்டா மருந்தே வேணாமாம்" என்று வந்து நின்றான். மூவருமே என் மேல் உள்ள அக்கறையில்தான் பேசினார்கள். ஆனால் ஒருவர் சொன்னதும் இன்னொருவர் சொன்னதும் ஒட்டவில்லை. எனக்கு முடிவு எடுக்கத் தெரியாமல் இல்லை. எதை வைத்து முடிவு எடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

முதல் நட்சத்திரம் அவர்களுடைய ஒருங்கிணைப்பாளர் நர்சுக்கு. ரிப்போர்ட்டுகளை போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்று நினைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. ஸ்கேனின் எழுத்து ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்களே உள்ள சி.டி. வேண்டும், முதல் ஸ்கேனும் கடைசி ஸ்கேனும் இரண்டுமே. எந்தத் தேதியில் எந்த மருந்து எவ்வளவு ஏற்றினார்கள் என்ற கீமோ தாள் வேண்டும். ஆபரேஷனில் எடுத்த திசுவின் மெழுகுக் கட்டை வேண்டும். அதை பாரஃபின் பிளாக் என்பார்கள். ரத்தப் பரிசோதனையெல்லாம் அதற்கு அப்புறம்தான். பிளாக்கை வாங்குவதுதான் பெரும்பாடு. வைத்திருந்த லேப் முதலில் ரிப்போர்ட்டின் நகலைக் கையில் திணித்து அனுப்பிவிட்டது. நர்ஸே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டியதும் எடுத்துத் தந்தார்கள். உங்கள் திசு உங்களுடையது. அடம்பிடித்தாவது வாங்கிவிடுங்கள்.

பிளாக் எதற்கு என்றால், என் ரிப்போர்ட்டில் கட்டியின் கே-ராஸ் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது மட்டும் போட்டிருந்தது. கட்டியின் செல்கள் மரபணுப் பிழைகளைத் திருத்த முடியாமல் இருக்கின்றனவா என்று காட்டும் எம்.எஸ்.ஐ. என்ற பரிசோதனை செய்யவே இல்லை. பரவிய குடல் புற்று உள்ள 100 பேரில் ஏறக்குறைய 5 பேருக்குத்தான் எம்.எஸ்.ஐ. அதிகமாக இருக்கும். ஆனால் அந்த 5 பேருக்குச் சிகிச்சையின் பாதையே மாறிவிடும். கீமோவுக்கு முன்பே பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைக் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் 2020-லேயே ஒப்புதல் வந்துவிட்டது. எனக்குச் செய்து பார்த்ததில் அது இல்லை. கே-ராஸ் மாற்றம் இருப்பதால் செடுக்சிமாப் என்ற குறிவைத்துத் தாக்கும் மருந்தும் எனக்கு வேலை செய்யாது. இரண்டு கதவும் இல்லை என்று தெரிந்த அன்று அழுதேன். ஆனாலும் தெரிந்துகொண்டது நல்லதுக்குத்தான். அந்த மருந்தைப் போட்டுப் பார்க்கலாமே என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்லும்போது இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. இந்தப் பரிசோதனைகள் உங்களுக்கு ஆகிவிட்டதா என்று மட்டும் இன்றே ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். கே-ராஸ், என்-ராஸ், பிராஃப், எம்.எஸ்.ஐ., இந்த நாலு பெயரும் அதில் இருக்க வேண்டும்.

அடுத்தது படிவம். நீளமான படிவம், பாதிக்கு மேல் வழக்கமான கேள்விகள். நடுவில் ஒன்று: "இந்தச் சிகிச்சையில் எதை இழக்க உங்களால் முடியாது?" அந்தக் கட்டத்துக்கு முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதுவரை ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "விரல்கள்" என்று எழுதினேன்.

வீடியோவில் பேசிய டாக்டர் அதை வாசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். வணக்கம் சொன்னதும் முதல் பேச்சே அதுதான்.

"பக்கத்துல ஊசி நூல் இருக்காம்மா?"

இருந்தது. கேமராவைச் சாய்த்து, கோர்த்துக் காட்டச் சொன்னார். நூலை நாக்கில் நனைத்து முறுக்கினேன். கண் நன்றாகத்தான் பார்த்தது. ஆனால் நூல் விரலில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்பதே விரலுக்குத் தெரியவில்லை. ஊசியே கீழே விழுந்தது. போதும் என்று அவர் சொல்லவில்லை, காத்திருந்தார். பிறகு சட்டைப் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொன்னார். அதுவும் வரவில்லை. கீமோ தாளைப் பார்த்து மொத்த அளவைக் கூட்டினார். இந்தப் பாதிப்பு இதுவரை ஏறிய மொத்த மருந்தைப் பொறுத்து வருவது, இனி ஒவ்வொரு தவணைக்கும் கூடத்தான் செய்யும் என்றார். இன்னொன்றும் சொன்னார். இன்றைக்கே நிறுத்தினாலும் சில மாதங்களுக்கு மரமரப்பு கூடிவிட்டுத்தான் குறையும், சிலருக்கு முழுவதும் போகாது, அதனால் முடியாமல் போகிறவரை பொறுத்திருந்து நிறுத்துவது சரியான கணக்கு இல்லை. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

அப்புறம் அவர் தந்த விளக்கத்துக்குத்தான் இரண்டாவது நட்சத்திரம். ஆக்ஸாலிப்ளாட்டினை நிறுத்துவது வேறு, சிகிச்சையை நிறுத்துவது வேறு என்று பிரித்துக் காட்டினார். பிரான்ஸ் டாக்டர்கள் தலைமையில் 620 பேரை வைத்து நடந்து 2006-ல் வெளிவந்த ஆய்வைச் சொன்னார். அதில் ஒரு சாராருக்கு ஆக்ஸாலிப்ளாட்டினை 6 தவணையோடு நிறுத்தி, 5-எஃப்.யு.வை மட்டும் தொடர்ந்து, பிறகு மறுபடி சேர்ப்பதாகத் திட்டம். விடாமல் ஏற்றிக்கொண்டவர்களோடு ஒப்பிட்டால் ஆயுளில் குறிப்பிட்ட வித்தியாசம் இல்லை. அடுத்து நெதர்லாந்தில் நடந்து 2015-ல் வந்த இன்னொரு ஆய்வு. ஆக்ஸாலிப்ளாட்டினை நிறுத்தியபின், உடம்புக்குள் 5-எஃப்.யு.வாக மாறும் கேபசிடபைன் மாத்திரையும் பெவாசிசுமாப்பும் தொடர்ந்தவர்களுக்கு, ஒன்றும் எடுக்காமல் இருந்தவர்களைவிட நோய் அதிக காலம் அடங்கியிருந்தது. "உங்க டாக்டர் சொன்னதுல தப்பில்லைம்மா, மருந்தை விடக்கூடாதுங்கிறது சரிதான். எதை விடலாம், எதை விடக்கூடாதுங்கிறதை மட்டும் நாம பிரிக்கணும்" என்றார். எங்கள் டாக்டரைக் குறைத்து ஒரு சொல் பேசவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல், ஏனென்றால் நான் மறுபடி போய் நிற்க வேண்டியது அவரிடம்தானே.

கல்லீரல் ஆபரேஷன் பற்றி மகனுக்காகக் கேட்டேன். ஆபரேஷன் டாக்டரும் அப்போது இணைப்பில் வந்து ஸ்கேனைத் திரையில் ஓட்டிக் காட்டினார். எத்தனை கட்டி என்பதைவிட, எடுத்தபின் எவ்வளவு நல்ல கல்லீரல் மிஞ்சும், அதற்கு ரத்தம் போகும் வழி இருக்குமா என்பதுதான் கேள்வி என்றார். எனக்கு இரண்டு பக்கமும், பெரிய ரத்தக் குழாய்களை ஒட்டியும் இருக்கிறது. இப்போதைக்கு முடியாது என்று நேராகச் சொன்னார். மகன் எதுவும் பேசாமல் எழுந்து போனான். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை, என்னிடம் வந்து கால் பிடித்துவிடுகிறான்.

மூன்றாவது நட்சத்திரம், எவ்வளவு காலம் என்று நான் கேட்டபோது அவர்கள் நடந்துகொண்ட விதத்துக்கு. முதலில், தெரிந்துகொள்ள விருப்பமா, யார் கூட இருக்க வேண்டும் என்று வீடியோ டாக்டர் கேட்டார். பிறகு ஒரே எண்ணாகச் சொல்லாமல், நன்றாகப் போனால் எவ்வளவு, பெரும்பாலும் எவ்வளவு, மோசமாகப் போனால் எவ்வளவு என்று மூன்றாகச் சொன்னார். அந்த எண்களை இங்கே எழுதமாட்டேன். அவை என் ஸ்கேனுக்கு உரியவை, இதைப் படிக்கும் ஒருவர் தன் மேல் போட்டுக்கொள்ளக் கூடாது.

நான்காவது, வலி தணிப்பு டாக்டரையும் சேர்த்துவிட்டதற்கு. அந்தப் பெயரைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். அப்படியில்லை, கீமோ நடக்கும்போதே பார்க்க வேண்டியவர்கள் அவர்கள் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பரவிய நுரையீரல் புற்று உள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வில், ஆரம்பத்திலேயே அவர்களைப் பார்த்தவர்கள் மனச்சோர்வு குறைந்து, கொஞ்சம் கூடுதல் காலமும் இருந்தார்களாம். விரல் எரிச்சலுக்கு டுலோக்செடின் மாத்திரை எழுதிக் கொடுத்ததும் அந்த டாக்டர்தான். ராத்திரித் தூக்கம் திரும்பியிருக்கிறது.

இனி குறைந்த நட்சத்திரம். எழுத்தில் வந்த அறிக்கை முழுக்க டாக்டர்களுக்கு எழுதியது. வீடியோவில் அவ்வளவு தெளிவாகப் பேசியவர்கள், நோயாளிக்கென்று ஒரே ஒரு பக்கம் எளிமையாக எழுதித் தந்திருக்கலாம். பேசும்போது பதிவு செய்யவும் விடவில்லை. நான் தைக்கும் அளவு நோட்டில் என் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதால் தப்பித்தேன். எங்கள் டாக்டரோடு அவர்களே பேசுவார்கள் என்று விளம்பரத்தில் இருக்கிறது. ஆனால் பேசவில்லை, அறிக்கையை நாங்களே தூக்கிக்கொண்டு போனோம். பேச்சுக்குப் பிறகு சந்தேகம் கேட்கக் கொடுக்கும் அவகாசமும் ரொம்பக் குறைவு. நல்ல கேள்விகள் எல்லாம் எனக்கு அது முடிந்த பிறகுதான் வந்தன. கெட்ட செய்தியைக் கேட்ட மனசு அவ்வளவு சீக்கிரம் கேள்விக்குத் தயாராகாது என்பது இத்தனை நோயாளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் டாக்டர் அறிக்கையை என் முன்னாலேயே முழுவதும் வாசித்தார். கோபப்படுவாரோ என்று பயந்திருந்தேன். "சரிம்மா, ஆக்ஸாலிப்ளாட்டினை எடுத்துடுவோம்" என்றார். இப்போது கேபசிடபைனும் பெவாசிசுமாப்பும் போகிறது. சொன்னபடியே மரமரப்பு முதலில் கூடியது, இப்போது மெதுவாக இறங்குகிறது. மெஷின் தையல் போடுகிறேன், காஜா இன்னும் தங்கைதான் எடுக்கிறாள்.

அடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தால் ஆக்ஸாலிப்ளாட்டினையே மறுபடி சேர்ப்பதா, இரினோடெக்கான் என்ற வேறு கீமோ மருந்துக்கு மாறுவதா என்று கேட்க வேண்டியிருக்கும். அப்போதும் இவர்களிடமே போவேன். கேள்விகளை இப்போதிருந்தே நோட்டில் எழுதி வைக்கிறேன், அவகாசம் முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்பதற்காக.